மேடையில் ஒரு பெரிய திரை

2025ஆம் ஆண்டு ஜனவரி 25, 26 தேதிகள். குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் நகரம். அங்குள்ள நரேந்திர மோடி விளையாட்டு அரங்கில் 'கோல்ட்பிளே' என்ற இங்கிலாந்து இசைக்குழு பாடியது. கேட்க வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இத்தனை பேரும் மேடைக்குப் பக்கத்தில் நிற்க முடியுமா? முடியாது. பலர் 100 மீட்டருக்கு அப்பால்தான் இருப்பார்கள். அங்கிருந்து பாடகர் எவ்வளவு உயரமாகத் தெரிவார்? கையை நீட்டி உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த உயரம்தான். முகம் தெரியாது. விரல்கள் வீணையில் ஓடுகின்றனவா, கிதாரில் ஓடுகின்றனவா என்பதும் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கே பெரிய திரை வந்தது. இதை எல்.இ.டி. திரை என்கிறார்கள். இன்று இது சிறிய ஊர்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. திருவிழா, கச்சேரி, பொதுக்கூட்டம், கல்யாணம் எல்லாவற்றிலும் நிற்கிறது.

புள்ளிகளால் ஆன படம்

புள்ளிக் கோலத்தை அருகில் நின்று பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் கோலம் மட்டுமே தெரியும். பெரிய திரையும் அப்படித்தான். அது முழுவதும் ஒளிப் புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று சிறிய விளக்குகள் உண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள் தெரியும். மூன்றும் எரிந்தால் வெள்ளை. மூன்றும் அணைந்தால் கறுப்பு. மூன்று விளக்குகளையும் கூட்டிக் குறைத்து லட்சக்கணக்கான நிறங்களைக் காட்டலாம்.

சினிமாத் திரை தானாக ஒளி தராது. அதன் மீது ஒளியைப் பாய்ச்ச வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். எல்.இ.டி. திரை தானே ஒளி தருகிறது. அதனால் பகல் வெளிச்சத்திலும் படம் தெரிகிறது.

நீல விளக்கு வந்த கதை

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962இல் வந்தது. பச்சையும் பின்னால் வந்தது. நல்ல பிரகாசமான நீலம் மட்டும் கிடைக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வராது. வானத்தின் நிறமும் வராது. முழு வண்ணப் படம் காட்ட முடியாது.

ஜப்பானைச் சேர்ந்த விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் முயன்றார்கள். 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளிவந்தது. இதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 1997இலேயே 'யூ 2' என்ற அயர்லாந்து இசைக்குழு மிகப் பெரிய எல்.இ.டி. திரையோடு ஊர் ஊராகப் போனது.

பலகை பலகையாக

இவ்வளவு பெரிய திரையை எப்படி லாரியில் ஏற்றுவது? அது ஒரே துண்டு அல்ல. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் கொண்ட பலகைகளைச் சேர்த்துப் பூட்டுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையின் அகலம் 6 மீட்டர். உயரம் 4 மீட்டர். அகலத்தில் 12 பலகைகள். உயரத்தில் 8 பலகைகள். மொத்தம் 96 பலகைகள். ஒரு பலகை 8 கிலோ என்றால் மொத்த எடை 768 கிலோ. வயர், சங்கிலி, இரும்புச் சட்டம் எல்லாம் இதற்கு மேல்.

புள்ளிகளுக்கு இடையே சுமார் 4 மில்லி மீட்டர் இடைவெளி இருந்தால், ஒரு பலகையில் 16,384 புள்ளிகள் இருக்கும். திரை முழுவதும் 15 லட்சத்துக்கும் மேல். இந்தத் திரையை 4 மீட்டராவது தள்ளி நின்று பார்த்தால்தான் படம் தெளிவாக இருக்கும்.

படம் முந்தும், பாட்டு பிந்தும்

மின்னல் முதலில் தெரியும். இடி பிறகு கேட்கும். ஒளி மிக வேகமாகப் போகும். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு அரை நொடி தாமதமாகக் கேட்கும். திரையில் பாடகர் வாயை மூடிய பிறகு பாட்டு வரும். இதைக் குறைக்கக் கூட்டத்தின் நடுவிலும் ஒலிபெருக்கிகளை வைக்கிறார்கள்.

காற்று தள்ளும்

திரை அழகாக இருக்கிறது. ஆனால் அது ஒரு பாய்மரம் போன்றது. காற்று முழுவதையும் தாங்கி நிற்கிறது.

நாம் பார்த்த அதே திரையில் 36 கிலோ மீட்டர் வேகக் காற்று மோதினால், சுமார் 150 கிலோ எடை சாய்ந்து தள்ளுவது போல் இருக்கும். காற்றின் வேகம் 72 கிலோ மீட்டர் ஆனால்? தள்ளுவது 300 கிலோ அல்ல, 600 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நாலைந்து மணல் மூட்டைகள் இதைத் தாங்காது.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக்காற்று வீசியது. ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் பங்கின் மீது சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். அது திரை அல்ல, பலகைதான். ஆனால் காற்றுக்கு இரண்டும் ஒன்றே.

2022 ஜூலை 28 அன்று ஹாங்காங்கில் ஒரு கச்சேரி நடந்தது. மேலே தொங்கிய திரையின் கம்பிக் கயிறு அறுந்தது. ஆடிக்கொண்டிருந்த கலைஞர் மேல் திரை விழுந்தது. அவர் படுகாயம் அடைந்தார். அங்கே காற்று இல்லை. அரங்கத்துக்கு உள்ளேதான் நடந்தது.

நமது பாதுகாப்பு

திரை கட்டும் தொழிலாளிக்கு:

1. உயரத்தில் ஏறும் முன் தலைக்கவசமும் பாதுகாப்பு பெல்ட்டும் அணியுங்கள்.
2. திரையின் உண்மையான எடையைக் கேளுங்கள். சங்கிலி எவ்வளவு தாங்கும் என்றும் கேளுங்கள். தொங்கும் திரைக்கு இரண்டாவது பாதுகாப்புக் கம்பியும் வேண்டும்.
3. ஜெனரேட்டருக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஈரக் கையோடு வயரைத் தொடாதீர்கள்.
4. பலத்த காற்று வரும் முன்பே திரையை இறக்குங்கள். காற்று வந்த பிறகு ஏறாதீர்கள்.

விழாக் குழுவுக்கும் பார்வையாளருக்கும்:

1. திரையின் உயரத்தைவிட அதிகத் தூரத்துக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நிற்காமல் கயிறு கட்டுங்கள்.
2. திரைக்குப் பின்னால் குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.
3. திரை ஆடினாலோ, காற்று பலத்தாலோ உடனே விலகுங்கள். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லுங்கள்.

பாட்டை நாளைக்கும் கேட்கலாம். போன உயிர் திரும்பாது.

விடை சொல்லுங்கள்

1. ஒரு ஒளிப் புள்ளியில் உள்ள மூன்று நிறங்கள் எவை?
2. திரையில் 10 வரிசை, வரிசைக்கு 6 பலகைகள். ஒரு பலகை 8 கிலோ. மொத்த எடை எவ்வளவு?
3. உங்கள் ஊர் விழாவில் திரை கட்டினால் யாரிடம் என்னென்ன கேட்பீர்கள்? கூடிப் பேசி எழுதுங்கள்.