உயிர் காத்த உப்புத் தண்ணீர்

1971-ல் வங்கதேசப் போருக்குத் தப்பி, கைக்குழந்தைகளோடு மேற்கு வங்காளம் வந்த அகதிகளிடையே காலரா பரவியது. போங்கான் மருத்துவமனையில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்ன செய்தார் தெரியுமா? லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, குழாய் வைத்த டிரம்மில் நிரப்பினார். டம்ளரில் பிடித்துப் புகட்டியது தாய்மார்களும் உறவினர்களும்தான்! நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உப்பை இழுக்கும். உப்பு தண்ணீரை இழுக்கும். அவ்வளவுதான் சங்கதி.

எங்கள் வாழவந்தியில் வயிற்றால் போனால் "தண்ணி குடுக்காதே" என்பார்கள். என் தம்பி அப்படித்தான் போனான்.

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் கெடுதல். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. போன லீவில் குண்டானில் லிட்டர் அளந்து ஊற்றி, ஆணியால் கோடு போட்டுக் கொடுத்தேன்.