அவலச் சுவையும் அறநெறியும்

பிறர் துன்பத்தைக் கதையாகக் கண்டும் கேட்டும் கண்ணீர் விடுவதில் மாந்தர்க்கு என்றும் ஒரு நாட்டம் உண்டு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் வைத்து, அஃது இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்னும் நான்கினின்று பிறக்கும் என்றார். அவ்வழுகை நம்மை எங்குக் கொண்டு சேர்க்கின்றது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்து நாங்கள் குடியிருந்த காலம். எங்கள் தெருவில் இருந்த இளைஞர் ஒருவர், ஆலையின் பிரஸ் இயந்திரத்தில் இரு விரல்களை இழந்து, ஒரு நாள் மாலை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். அவ்வேளையில் எங்கள் இல்லத்தார் தொலைக்காட்சித் தொடரில் மகனை இழந்த தாய் புலம்பும் காட்சியைக் கண்டு விம்மிக்கொண்டிருந்தனர். "தொடர் முடியட்டும், போய்ப் பார்ப்போம்" என்று கூறியவன் நானே. நாங்கள் சென்றபோது அவ்வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. நான்கு வீடுகளுக்கு அப்பால் உண்மைத் தாய் ஒருத்தி அழ, நாங்கள் நிழலுக்கு அழுதோம். அது இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

நம் ஆகமங்கள் தியானம் நான்கு என்பன. துன்பத்தையே நினைந்து நினைந்து நைவது ஆர்த்த தியானம். கொடுமையில் மனம் களிப்பது ரௌத்திர தியானம். ஒருத்தி நாள்தோறும் அழவும், மற்றொருத்தி நாள்தோறும் சூழ்ச்சி செய்யவும் வளரும் தொடர்கள் இவ்விரண்டையுமே ஊட்டுகின்றன. அழுகை ஓய்ந்தால் கதையும் ஓய்ந்துவிடும் ஆதலின், துன்பத்தின் காரணத்தை ஆராய அங்கு இடமில்லை.

நற்காப்பியத்தின் இயல்பு வேறு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்பது சில அடிகளிலேயே முடிகின்றது. அதன் காரணமும் விளைவுமே விரிவாகப் பேசப்படுகின்றன. பொற்கொல்லனின் வஞ்சம், மன்னனின் ஆராயாமை, முற்பிறப்பில் பரதன் என்பானாய்ச் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த பழவினை ஆகியவற்றை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக விளக்குகின்றார். வினை பயன் தரும் முறையை இவ்வாறு எண்ணுதல் விபாக விசயம் என்னும் தர்ம தியானமாகும்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். "அவன் வினை, அவன் நுகர்கின்றான்" என்று கூறி விலகுவது அறமாகாது. கவுந்தியடிகளை நோக்குங்கள். வினையின் வன்மையை நன்குணர்ந்த அத்துறவி, கோவலன் கண்ணகியரோடு மதுரை வரை நடந்தார். கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டபின் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். வினையை அறிந்தமை அவர் இரக்கத்தைக் குறைக்கவில்லை. 1964-இல் வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகத் தோன்றியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இக்காலப் படைப்புகளிலும் சிறந்தன உள. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், களங்கமுற்று வந்த மகளின் தலையில் தாய் நீரூற்றித் தேற்றுகின்றாள். அதே தாய் ஆத்திரத்தில் ஊரறியக் கதறியிருந்தால் என்னாகும்? அதனை அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் காட்டினார். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவல், 1977-இல் அ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமும் ஆயிற்று. மகளின் வாழ்வு சிதைந்தமைக்கு ஒரு கணக் குரோதமும் ஒரு வாய்ச்சொல்லும் காரணமாயின. கஷாயங்களின் கொடுமைக்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

ஆகவே திரைப்படமும் நாவலும் தொடரும் வேண்டா என்று நாம் விலக்க வேண்டுவதில்லை. குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து அவலக் கதை ஒன்றைக் கண்டபின், சிறுவர்களிடம் இம்மூன்று வினாக்களைக் கேளுங்கள்:

1. இத்துன்பம் எவருடைய எந்தக் குணத்தால் விளைந்தது?

2. எந்த இடத்தில் ஒருவர் பொறுத்திருந்தால் அது நின்றிருக்கும்?

3. இதுபோல் துன்புறுவோர் நம் தெருவில் உள்ளனரா?

மூன்றாம் வினாவிற்கு 'ஆம்' என்று விடை வருமாயின், கதை முடியும்வரை காத்திராமல் எழுந்து செல்லுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.