பெட்டைக்குதிரையின் குணமும் பழக்குவோரின் பொறுமையும்



இளம் பெட்டைக்குதிரைகளைப் பழக்கும் பணிக்கு வருவோருக்கு, குதிரையைத் தொடும் முன்பே அதன் பட்டப்பெயர் தெரிந்துவிடுகிறது. இது முரடு, இது பயந்தாங்கொள்ளி, இது மந்தம் என்று லாயத்தில் வழங்கும் சொற்கள் என்றோ ஒரு நாள் நடந்ததை வாழ்நாள் குணமாக்கிவிடுவதால், அதன்பின் அந்தக் குதிரையை யாரும் உற்றுநோக்குவதில்லை. பெட்டை என்றாலே நம்பத்தகாதது என்ற பொதுக்கருத்தும் இத்தகையதே. அரேபியப் பாலைவனத்துப் பெதுயின் மக்கள் திடீர்த் தாக்குதல்களுக்குப் பெட்டைக்குதிரைகளையே விரும்பி ஏறினர் என்பதும், குதிரையின் வமிசத்தைத் தாய்வழியில் கணக்கிட்டனர் என்பதும் அக்கருத்தை ஏற்போர் விளக்க வேண்டியவை.

விலங்கு நடத்தையியலார் குணம் என்ற சொல்லைக் கண்டிப்பான பொருளில் ஆள்கின்றனர்: சூழல் மாறினாலும் காலம் கடந்தாலும் ஒரு விலங்கிடம் ஏறத்தாழ மாறாமல் தொடரும் எதிர்வினைப் போக்கே குணம். பிரான்சின் நூசியி ஆய்வு நிலையத்தில் லேயா லான்சாடும் அவருடைய குழுவினரும் குதிரைகளிடம் இத்தகைய போக்குகள் ஐந்தைப் பிரித்துக் காட்டியுள்ளனர். அச்சம், கூட்டத்தை நாடுதல், மனிதரிடம் காட்டும் எதிர்வினை, இயக்க வேகம், தொடு உணர்ச்சி என்பன அவை. தொடு உணர்ச்சியை அளக்க, பிடரி முடியும் இடத்துத் தோள்மேட்டில் மெல்லிய நைலான் இழையை அழுத்தித் தோல் சிலிர்க்கிறதா என்று பார்க்கின்றனர். இவை ஒன்றையொன்று சாராதவை என்பதே பயிற்சிக்கு மிகவும் பயன்படும் செய்தி. நிழலுக்கு மிரளும் குதிரை தோலளவில் மரத்ததாக இருக்கலாம், இடிமுழக்கத்துக்கு அசையாத குதிரை ஈ அமர்ந்தால் துள்ளலாம்.

ஆயினும் குணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் கழிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது வலி. ஏறத்தாழ இரண்டரை வயது முதல் நாலரை வயதுவரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. கடிவாளம் பூட்டிப் பழக்குவதும் பெரும்பாலும் இந்த வயதிலேயே நிகழ்வதால், தலையை உதறும் குட்டி முரண்டு பிடிப்பதாக எண்ணப்படுகிறது. குதிரையின் இரைப்பை தீனி இல்லாத நேரத்திலும் அமிலம் சுரப்பது. புல்லின்றி நெடுநேரம் நிறுத்தப்பட்டு, தானியத்தையே பெரிதும் தின்னும் குதிரைக்கு இரைப்பைப்புண் உண்டாகி, சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது அது கடிக்க வரலாம். இரண்டாவது சினைப்பருவம், அதாவது பெட்டை இணையை ஏற்கும் நாட்கள். பகல் நீண்ட மாதங்களில் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒரு முறை வந்து 5 முதல் 7 நாள்வரை நீடிக்கும் இப்பருவத்தில் வால் உயர்த்தலும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், கவனச் சிதறலும் இயல்பு. ஆனால் ஆண்குதிரையைப் போன்ற மூர்க்கம் பருவச் சுழற்சியோடு ஒட்டாமல் தொடருமானால், சூலகக் கட்டி உள்ளதா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்து, தேதி, தீனி, பருவ அறிகுறி, அன்றைய எதிர்வினை ஆகியவற்றை எழுதிவருதல் நல்லது. லாயங்களில் தீவனக் கணக்கு தவறாமல் எழுதப்படுவதும் இது எழுதப்படாமல் போவதும் விந்தையே.

கழித்தபின் எஞ்சுவது குணமாயின், முறையை மாற்றுவதைவிட முறையின் அளவையும் நேரத்தையும் மாற்றுவதே தேவைப்படும். குதிரைப் பயிற்சியின் அடிப்படை அழுத்தமும் விடுவிப்புமாகும். காலாலோ லகானாலோ மெல்ல அழுத்தி, குதிரை சரியான திசையில் அசைந்த கணமே அழுத்தத்தை நீக்கினால், அந்த நீக்கமே அதற்குப் பாடமாகிறது. தோல் கூர்மையான குட்டியிடம் சவாரி செய்வோர் அஞ்சித் தம் கால்களை விலக்கி வைப்பது வழக்கம். இது தவறு, ஏனெனில் விலகிய கால் மீண்டும் படும்போதெல்லாம் அது புதிய அதிர்ச்சியாகிறது. கால் எப்போதும் லேசாகப் படிந்திருந்தால் தோல் அதற்குப் பழகிவிடும். அஞ்சும் குட்டிக்கோ, மிரட்டும் பொருளை அது உற்றுப் பார்த்தபடியே தீனியை மெல்லக்கூடிய தொலைவில் முதலில் வைத்து, அது அசையாமல் நின்ற கணத்தில் விலக்க வேண்டும். துள்ளும்போது விலக்கினால், துள்ளினால் பொருள் போய்விடும் என்றே அது கற்கும். கிரேக்கரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தம் குதிரையேற்ற நூலில், அஞ்சும் குதிரையை அடிப்பது அச்சத்தையே வளர்க்கும் என்றும், சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்றும் எழுதியது இன்றைய ஆய்வோடு ஒத்துப்போகிறது. கூட்டத்தை நாடும் குட்டியைத் தோழமைக் குதிரையிடமிருந்து சில அடிகள் மட்டும் விலக்கி, அது கனைத்துக் கூப்பிடும் முன்பே திரும்ப அழைத்துவருதல் போதும்.

மிகுந்த கவனம் வேண்டுவது, யாரும் குறை சொல்லாத அமைதியான குட்டியிடம். எதிர்த்தும் பயனில்லை என்று கற்றுவிட்ட குதிரையும் அசையாமல்தான் நிற்கும். காதுகள் ஒலிக்கேற்பத் திரும்புகின்றனவா, மூச்சு சீராக உள்ளதா, கழுத்துத் தசை தளர்ந்துள்ளதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். காது திரும்பாமல், கண் ஓரிடத்தில் நிலைத்து, தசை இறுகி நிற்கும் குட்டிக்குச் சேணத்தைக் கழற்றி, சில நாட்கள் கயிற்றில் பிடித்து மேய்க்க மட்டும் அழைத்துச் சென்று, அது தானாக ஒரு பொருளை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகே பயிற்சியைத் தொடர வேண்டும்.