சங்கம் பதிவு செய்வது எப்படி? மஹல்லா இளைஞர்களின் கவனத்திற்கு



அண்ணனூர், அயப்பாக்கம், திருமுல்லைவாயல் பகுதிகளிலிருந்து இளைஞர்கள் சிலர் அண்மையில் நம் அலுவலகத்திற்கு வந்தார்கள். ஒரு குழு மாலை நேர டியூஷன் நடத்துகிறது. இன்னொரு குழு மையித்து வண்டி, கஃபன் துணி, குளிப்பாட்டும் ஏற்பாடு ஆகியவற்றைக் கவனிக்கிறது. இரு குழுவினரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சங்கமாகப் பதிவு பண்ணணும் பாய், எங்கே போகணும், என்ன செய்யணும்?" அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில், பதிவு எதற்கு? சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு நண்பர் குழு, வசூலான பணத்தையெல்லாம் பொருளாளரின் சொந்த சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தது. மனிதர் நேர்மையானவர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒருநாள் திடீரென வஃபாத்தாகிவிட்டார். வங்கியைப் பொறுத்தவரை அது அவருடைய பணம். வாரிசுகளில் சிலர் அதையும் பாகப்பிரிவினையில் சேர்க்கச் சொன்னார்கள். குழுவிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். அதிலும் யாருடைய கையெழுத்தும் இல்லை. இத்தா இருந்த அவருடைய மனைவி, கணவர் மீது பழி வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. அந்த அம்மாவை அந்த நிலையில் நிறுத்தியது எவருடைய கெட்ட எண்ணமும் அல்ல. எழுதி வைக்காததுதான். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று அல்பகரா 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஊரார் அமானத்துக்கு அது எவ்வளவு அவசியம்!

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1902இல் சென்னையில் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் (மியாசி) 1951இல் நியூ காலேஜை நிறுவியது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. சங்கம் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது.

சங்கமா, டிரஸ்டா என்று அடுத்துக் கேட்கிறார்கள். டிரஸ்ட் என்பது ஒருவரோ சிலரோ பத்திரம் எழுதி, சார்பதிவாளரிடம் பதிந்து, அறங்காவலர்கள் நடத்துவது. அதில் தேர்தல் கட்டாயமில்லை. சங்கத்தில் உறுப்பினர்கள்தான் எஜமானர்கள், நிர்வாகிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கைப்பொருள் போட்டு ஒரு குடும்பம் நடத்தும் அறப்பணிக்கு டிரஸ்ட் பொருந்தும். இருபது முப்பது இளைஞர்கள் சந்தா போட்டு நடத்துவதற்குச் சங்கமே நல்லது என்பது நம் கருத்து. பள்ளிவாசல், கபர்ஸ்தான் போன்ற வக்ஃபு சொத்துகள் வேறு விஷயம். சங்கம் பதிந்துவிட்டதால் வக்ஃபு இடம் சங்கத்தின் சொத்தாகிவிடாது. இதில் குழப்பிக்கொண்டு வழக்கு வரை போனவர்கள் உண்டு.

நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. இது 22.4.1978 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் 1860ஆம் ஆண்டின் மத்திய சட்டம் இருந்தது. கல்வி, மார்க்கம், தர்மம், சமூக சேவை, விளையாட்டு போன்ற நோக்கங்களுக்குச் சங்கம் அமைக்கலாம். குறைந்தது 7 பேர் வேண்டும், எல்லோரும் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும். 20 உறுப்பினர்களோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டால், பதிவு கட்டாயம். இன்று ஒரு இஃப்தார் நடத்தினாலே 10,000 தாண்டிவிடும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து 3 மாதத்திற்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

மனு போவது மாவட்டப் பதிவாளரிடம். வீட்டுப் பத்திரம் பதியும் சார்பதிவாளரிடம் அல்ல. நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. அண்ணனூர் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது, திருவள்ளூர் மாவட்டம். ரயிலில் சில நிமிடம் தள்ளியிருக்கும் அம்பத்தூரோ 2011இல் சென்னை மாநகராட்சியோடும், 2018இல் சென்னை மாவட்டத்தோடும் சேர்ந்துவிட்டது. வருவாய் மாவட்டம் வேறு, பதிவு மாவட்டம் வேறு. ஆகவே சங்க அலுவலகத்தின் கிராமப் பெயரை வைத்து, எந்த மாவட்டப் பதிவாளர் என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். மனுவையும் அந்தத் தளத்திலேயே தொடங்கலாம். ஏழு பேரின் அடையாள, முகவரிச் சான்றுகள், அலுவலக இடத்தின் வரி ரசீது, வாடகை இடமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் இவை தயாராக இருக்கட்டும். ஏற்கெனவே உள்ள சங்கத்தின் பெயரை ஒத்தோ, அரசு அமைப்பு போலத் தோன்றும்படியோ பெயர் வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று பெயர்களை யோசித்து வையுங்கள்.

உண்மையான வேலை சங்க விதிகள் எழுதுவதில் இருக்கிறது. பலர் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு மையித்து சேவைக் குழுவின் விதிகளில் "கபடிப் போட்டிகள் நடத்துதல்" என்று இருந்ததை நாமே பார்த்தோம்! யார் உறுப்பினராகலாம், சந்தா எவ்வளவு, எப்போது நீக்கலாம், நீக்குமுன் விளக்கம் கேட்க வேண்டுமா, கோரம் எத்தனை, காசோலையில் யார் யார் கையெழுத்து, சங்கத்தின் சார்பில் வழக்காடுவது யார் என்பவற்றை உட்கார்ந்து பேசி எழுதுங்கள். செயற்குழுவில் குறைந்தது 3 பேர் வேண்டும். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. லாபத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. பின்னர் விதியைத் திருத்த, பொதுக்குழுவில் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவைப்படும். அதனால் இப்போது இரண்டு இஷா நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் நஷ்டமில்லை.

நோக்கங்களை எழுதும்போது இன்னொன்று. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்று நாம் அறிந்தது) கிடைக்க வேண்டுமானால், ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று நோக்கம் இருக்கக் கூடாது. டியூஷனும் மருத்துவ உதவியும் எல்லோருக்கும் என்று எழுதுங்கள். நம் தெருவில் எல்லோரும்தானே இருக்கிறார்கள். ஆனால் ஜகாத்தை எட்டு வகையினருக்கே கொடுக்க முடியும். அதைப் பொது நிதியோடு கலக்காமல், மஹல்லா பைத்துல்மாலிலேயே வைத்துத் தனிக் கணக்காக நடத்துவது பேணுதலானது.

பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும் வேலை முடிந்ததாக எண்ணுவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு வங்கிக் கணக்கு. நிதியாண்டு முடிந்த 6 மாதத்திற்குள், அதாவது செப்டம்பருக்குள், ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கையான வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் போதாது, கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகிகள் மாறினால் 3 மாதத்திற்குள் படிவம் 7 கொடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு படிவம் 7 கொடுத்தால் பதிவாளரால் யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அங்கே போனால் டியூஷன் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் வரை வழக்கு நடக்கலாம்.

கடைசியாக, சவூதியிலும் துபாயிலும் இருக்கும் நம் சகோதரர்களின் பணம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவரே சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டால் நிலைமை வேறு. சொந்த மாமாவாக இருந்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் வரும். உள்துறை அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அனுமதி பெற்றவர்களும் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வாங்க வேண்டும். புதிய சங்கத்திற்கு அந்தப் பதிவு எளிதில் கிடைக்காது. மூன்று ஆண்டு செயல்பாடும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் கேட்பார்கள். அதுவரை உள்ளூர் சந்தாவே போதும்.

விதிகளின் வரைவை எழுதி முடித்தவர்கள் மஃரிப் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்திற்குக் கொண்டுவந்தால், இன்ஷா அல்லாஹ், உடன் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துத் தருகிறோம். ஏழு பேரும் சேர்ந்து வாருங்கள். ஒருவர் மட்டும் வந்தால், மற்ற ஆறு பேரும் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

வஸ்ஸலாம்.
செயலாளர்