சாய்ந்தமர்ந்து ஓட்டும் மிதிவண்டிகள்: ஓட்டமும் கட்டுப்பாடும்

மிதிவண்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் வடிவம் ஒன்றே. உயர்ந்த சிறு இருக்கை, அதற்கு நேர் கீழே மிதிகட்டைகள், முன்னே கைப்பிடி என்பன அதன் உறுப்புகள். ஆனால் ஓட்டுபவர் நாற்காலியில் சாய்ந்திருப்பது போல அமர்ந்து, கால்களை முன்னோக்கி நீட்டி மிதிக்கும் வண்டியும் உண்டு. ஆங்கிலத்தில் ரிகம்பென்ட் சைக்கிள் என வழங்கும் இதனை இக்கட்டுரையில் சாய்வுவண்டி எனக் குறிப்போம்.

இவ்வண்டி நம் நாட்டில் அரிதாகவே காணப்படுகிறது. எனினும் முதுகுவலியாலும் மணிக்கட்டு வலியாலும் சாதாரண மிதிவண்டியைக் கைவிட நேர்ந்தவர்க்கு இது பயன்படுமா என்ற வினா அவ்வப்போது எழுகின்றது. பணியின்பொருட்டு நாள்தோறும் பல கிலோமீட்டர் செல்வோர்க்கு இவ்வினா மேலும் முக்கியமானது. விடை கூற வேண்டுமாயின் வண்டியின் ஓட்டத்தையும் கட்டுப்பாட்டையும் பௌதிக விதிகளின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். பள்ளியில் நிலையியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சிறிது வரலாறு

பிரான்சு நாட்டின் சார்ல் மொஷே என்பார் வெலோகார் என்னும் மிதிவண்டிகளை அமைத்தவர். 1933-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் பாரிஸ் நகரில், பிரான்சிஸ் ஃபோர் என்னும் வீரர் அவருடைய சாய்வுவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தூரம் சென்றார். ஆஸ்கர் எக் 1914-இல் நிறுவிய 44.247 கிலோமீட்டர் சாதனை இதனால் முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல் வரிசை வீரர் அல்லர். ஆகவே வென்றது ஆளா, வண்டியா என்ற விவாதம் மூண்டது. 1934-இல் அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் பந்தய வண்டியின் அளவுகளை வரையறுத்துச் சாய்வுவண்டியை விலக்கி வைத்தது. 1939-இல் ஃபோர், காற்றைக் கிழித்துச் செல்லும் மேலுறை பொருத்திய வெலோகாரில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைக் கடந்தார்.

சாய்வுவண்டி பந்தயங்களினின்று நீங்கியது விதியினாலேயன்றி, ஓட்டத்தில் தோற்றதனால் அன்று. எனினும் வேகத்தில் சிறந்த வண்டி ஊர்ச் சாலைக்கும் ஏற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. அதனை இனிக் காண்போம்.

இரு வகைகள்

சாய்வுவண்டிகளைப் பெரும்பாலும் இரு வகையாகப் பிரிக்கலாம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள தொலைவைச் சக்கர இடைத்தூரம் என்போம். நெடிய வகையில் முன்சக்கரம் ஓட்டுபவரின் பாதங்களுக்கு முன்னே அமையும். இடைத்தூரம் ஏறத்தாழ 1.75 மீட்டர். குறுகிய வகையில் மிதிகட்டைகள் முன்சக்கரத்திற்கும் முன்னே நீண்டிருக்கும். இடைத்தூரம் சாதாரண மிதிவண்டியைப் போல ஏறத்தாழ 1 மீட்டர். கைப்பிடி சில வண்டிகளில் மார்புக்கு முன்னும், சிலவற்றில் இருக்கைக்குக் கீழே இருபுறமும் அமைகின்றது.

தாழ்ந்திருந்தால் சாயாதா?

புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் சாய்வுவண்டி எளிதில் சாயாது என்று பலரும் எண்ணுவர். மேசைக்கும் மாட்டுவண்டிக்கும் இது பொருந்தும். ஒரே கோட்டில் இரு சக்கரங்கள் மட்டும் தரையைத் தொடும் வண்டிக்கு இது பொருந்தாது; அங்கு உண்மை நேர்மாறானது.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு மாணவனின் உள்ளங்கையில் ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கிற்கோலைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுக. சிறிது பழகினால் நிறுத்திவிடுவான். அடுத்து ஒரு பென்சிலை நிறுத்தச் சொல்லுக, அவனால் இயலாது. இரண்டும் விழும் இயல்புடையனவே. ஆனால் உயரம் குறைந்த பொருள் விரைந்து விழுகின்றது. கை அதனைத் தொடர்ந்து செல்லுமுன் அது சாய்ந்துவிடுகின்றது.

விழத் தொடங்கிய பொருளின் சாய்வு ஏறத்தாழ 2.7 மடங்காகப் பெருகும் காலம், ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் தோராயமாகக் கிடைக்கும். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த மையத்தின் உயரம் சாதாரண மிதிவண்டியில் 1.1 மீட்டர் எனக் கொண்டால் இக்காலம் 0.33 விநாடி. 0.7 மீட்டர் உயரமுள்ள சாய்வுவண்டியில் 0.27 விநாடி. மிகத் தாழ்ந்த பந்தய வண்டியில், உயரம் 0.45 மீட்டராயின், 0.21 விநாடி. மையம் தாழத் தாழ, சாய்வைத் திருத்தக் கிடைக்கும் அவகாசம் குறைகின்றது. புதிதாகப் பழகுவோர் முதல் நாளில் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மெதுவான ஓட்டம்

மிதிவண்டி ஒரு புறம் சாயும்போது ஓட்டுபவர் கைப்பிடியை அதே புறம் திருப்புகின்றார். சக்கரங்கள் உடலின் கீழ் வந்து சேர்கின்றன, வண்டி நிமிர்கின்றது. இதற்குத் தேவையான திருப்புக் கோணம் சக்கர இடைத்தூரத்திற்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும்.

2 டிகிரி சாய்வைத் தடுத்து நிறுத்த வேண்டும் எனக் கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் குறுகிய வண்டிக்குச் சுமார் 10 டிகிரியும், நெடிய வண்டிக்குச் சுமார் 18 டிகிரியும் திருப்ப வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் முறையே 0.8 டிகிரியும் 1.4 டிகிரியும் போதும். ஆகவே மெதுவாகச் செல்லுகையில் நெடிய வண்டி அலைந்து செல்லும். வேகம் கூடியதும் அதுவே அமைதியாகச் செல்லும். குறுகிய வண்டியோ கையின் சிறு அசைவுக்கும் உடனே திரும்பும். தேர்ந்தவர்க்கு இது நன்மை, புதியவர்க்கு இடர்.

சாதாரண மிதிவண்டியில் ஓட்டுபவர் இடுப்பை அசைத்தும் சமநிலையைத் திருத்திக்கொள்கின்றார். நாற்காலியில் சாய்ந்திருப்பவரால் அவ்வாறு செய்ய இயலாது; அவர் கைப்பிடியையே நம்பியிருக்க வேண்டும்.

திருப்பமும் சந்துகளும்

முன்சக்கரத்தை 30 டிகிரி திருப்பினால், 1 மீட்டர் இடைத்தூரமுள்ள வண்டி ஏறத்தாழ 1.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பும். 1.75 மீட்டர் இடைத்தூரமுள்ள வண்டிக்கு ஆரம் 3 மீட்டராகின்றது. நெடிய வண்டியை முழுவதும் திருப்பச் சுமார் 6 மீட்டர் அகலம் வேண்டும். கிராமத்துச் சந்தில் இறங்கித் தள்ளித் திருப்புவதே வழி. குறுகிய வண்டியில் வேறொரு தொல்லை உண்டு. கூர்மையாகத் திரும்பும்போது மிதிக்கும் குதிகால் முன்சக்கரத்தில் இடிக்கக் கூடும். அத்தருணத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பப் பழகவேண்டும்.

மேடுபள்ளம்

முன்சக்கரம் 5 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லின்மீது ஏறினால், குறுகிய வண்டியின் சட்டம் சுமார் 3 டிகிரி சாயும்; நெடிய வண்டியின் சட்டம் அதில் பாதியளவே சாயும். நெடிய வண்டியின் ஓட்டம் மென்மையாகத் தோன்றுவது இதனால்தான். ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. சாதாரண மிதிவண்டியில் பள்ளத்தைக் கண்டவுடன் இருக்கையினின்று எழுந்து, முழங்கால்களை வளைத்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றோம். சாய்வுவண்டியில் எழுவதற்கு இயலாது. அதிர்ச்சி நேரே முதுகிற்குச் செல்கின்றது. எனவே வலையிருக்கையோ பின்சக்கர வில்லமைப்போ இல்லாத சாய்வுவண்டி, கரடுமுரடான பாதையில் முதுகுவலியுள்ளவர்க்குத் தீங்கே விளைவிக்கும்.

பிரேக்கு

சாதாரண மிதிவண்டியில் முன்பிரேக்கைத் திடீரென இறுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரிடும். ஈர்ப்பு மையம் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்கு 0.6 மீட்டர் பின்னும், 1.1 மீட்டர் உயரத்திலும் இருக்குமாயின், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.55 பங்கிற்கு மேல் வேகத்தைக் குறைக்கும்போது பின்சக்கரம் மேலெழும். நெடிய சாய்வுவண்டியில் அத்தொலைவு 1.1 மீட்டர், உயரம் 0.65 மீட்டர் எனக் கொண்டால், விகிதம் 1.7 ஆகின்றது. உலர்ந்த சாலையின் உராய்வும் அவ்வளவு விசையைத் தராது. ஆகையால் வண்டி கவிழாது. ஆனால் முன்சக்கரத்தின்மீது பளு குறைவாதலால் மணலிலும் ஈரத்திலும் அது வழுக்கக்கூடும். குறுகிய வகை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

காற்று, ஏற்றம், போக்குவரத்து

காற்றின் தடையை வெல்லத் தேவையான ஆற்றல்வீதம் வேகத்தின் மூன்றாம் படியாகப் பெருகுகின்றது. சாய்ந்திருப்பவரின் உடல் காற்றுக்குக் காட்டும் முகப்பு சிறியது. சமவெளியிலும் எதிர்காற்றிலும் இதன் பயன் பெரிது. 2016-இல் டாட் ரைக்கர்ட் என்பவர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், முழு மேலுறையிட்ட சாய்வுவண்டியில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். ஏற்றத்திலோ வேகம் குறைவதால் இப்பயன் மறைகின்றது. எழுந்து நின்று மிதிக்கவும் இயலாது. பல்லிணைப்பைத் தளர்த்திப் பொறுமையாக ஏறவேண்டும்.

ஓட்டுபவரின் கண்மட்டம் தாழ்ந்திருப்பதால் லாரியோட்டுநர் அவரைக் காணாமற்போகலாம். உயர்ந்த கோலில் கொடியும், பின்னே நோக்கக் கண்ணாடியும் இன்றியமையாதவை.

முடிவு

சமதளமான நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்வோர்க்கும், மணிக்கட்டிலும் ஆசனப்பகுதியிலும் வலியுள்ளோர்க்கும் சாய்வுவண்டி ஏற்றது. முதன்முறை பழகுவோர்க்கு நெடிய வகையும், திரும்புதல் மிகுந்த வழிக்குக் குறுகிய வகையும் பொருந்தும். சந்தும் மணலும் மேடும் நிறைந்த வழியில் பணிபுரிவோர்க்குச் சாதாரண மிதிவண்டியே சிறந்தது. வழியை முதலில் அளந்தறிந்து, பின்னரே வண்டியைத் தேர்க.

பயிற்சி வினாக்கள்

1. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.9 மீட்டராயின், சாய்வு 2.7 மடங்காகப் பெருகும் காலம் யாது?

2. 3 டிகிரி சாய்வை மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த, நெடிய வண்டியும் குறுகிய வண்டியும் திருப்ப வேண்டிய கோணங்களை ஒப்பிடுக.

3. உங்கள் பள்ளிக்கு வரும் வழியில் ஏற்றம், மணல், சந்து ஆகியவற்றைக் குறித்து, எவ்வண்டி பொருந்தும் எனக் காரணங்காட்டி எழுதுக.