ஆலகாலம் தணித்த கோசாயிகுண்டம்

பிரதோஷம்தோறும் நந்திக்கு நடக்கும் அபிஷேகத்தைத் தரிசிக்கிறீர்கள். ஈசன் ஆலகால விஷத்தை அருந்தியதும், அம்பிகை அதைக் கண்டத்திலேயே நிறுத்தியதும் நீங்கள் அறிந்த கதைதான். தொண்டையின் அந்த எரிச்சல் எங்கே தணிந்தது தெரியுமா?

நேபாள மக்கள் ஓர் ஏரியைக் காட்டுகிறார்கள். அதுதான் கோசாயிகுண்டம்!

காத்மாண்டுவுக்கு வடக்கே, ரசுவா மாவட்டத்தில், சுமார் 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தத் தீர்த்தம். விஷத்தின் வெம்மையோடு இமயம் வந்த ஈசன், மலையில் திரிசூலத்தைப் பாய்ச்ச, நீர் பீறிட்டு ஏரியானதாம். இங்கிருந்து இறங்கும் நீர் சேரும் நதியின் பெயரும் திரிசூலி! ஏரிக்குள் தெரியும் பாறையைச் சிவ வடிவமாகவே வணங்குகிறார்கள். அருகிலேயே பைரவ குண்டம், சரஸ்வதி குண்டம், சூரிய குண்டம். ஏறும் வழியில் லாங்டாங் லிருங், கணேஷ் ஹிமால் பனிச் சிகரங்களின் தரிசனம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும்.

பூணூல் பௌர்ணமி

நம்மில் யஜுர்வேதத்தார் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமி, அங்கே ‘ஜனை பூர்ணிமா’. ஜனை என்றால் பூணூல். அன்று ஆயிரக்கணக்கானோர் இங்கு நீராடுகிறார்கள். ஆண், பெண் பேதமின்றி மணிக்கட்டில் ரட்சைக் கயிறு கட்டிக்கொள்வார்கள். தீபாவளியையொட்டி வரும் லட்சுமி பூஜையன்று அதை அவிழ்த்து, பசுவின் வாலில் கட்டுவது வழக்கம்.

அவசரம் வேண்டாம்!

யாத்திரை செல்ல விரும்பும் சகோதரிகள் ஒன்றை மனதில் கொள்ளுங்கள். மலையடிவாரத் துன்சே ஊரின் உயரம் சுமார் 2,000 மீட்டர்தான். ஓரிரு நாளில் மேலே ஓடினால், குறைந்த பிராணவாயுவுக்கு உடல் பழகாது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வரும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. ஜனை பூர்ணிமா பக்தர்களிடம் நடத்தி, 2000-ல் வெளியான மருத்துவ ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு மலைநோய் இருந்தது தெரிந்தது.

எனவே, வழியில் தங்கித் தங்கி ஏறுங்கள். புறப்படும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். விரதம் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் நடக்காதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று எண்ணாமல் உடனே கீழே இறங்குங்கள். இறங்குவதுதான் முதல் மருந்து.

ஏற முடியாதவர்களுக்கும் வழி உண்டு. காத்மாண்டுவை அடுத்த பாட்டனில் கும்பேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அதன் தீர்த்தம் கோசாயிகுண்டத்திலிருந்தே பூமிக்கடியில் வருவதாக நம்பிக்கை. மலையேற இயலாதோர் ஜனை பூர்ணிமாவில் அங்கே நீராடி வழிபடுகிறார்கள்.

உலகைக் காக்க விஷத்தையே ஏற்றவர் நீலகண்டர். தன்னைத் தேடி வருபவர் உயிரைப் பணயம் வைக்கவா அவர் கேட்பார்? நிதானமாகச் செல்லுங்கள், நிறைவாகத் தரிசித்துத் திரும்புங்கள்!