அந்த நாலு பேர்

நெல்லிக்குப்பம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. தங்கை பெரியவளானதற்கு மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் கட்டி விழா எடுப்பது அவளுக்கும் பிடிக்கவில்லை, உனக்கும் பிடிக்கவில்லை. அம்மாவோ "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறாள். 'யார் மாமா அந்த நாலு பேர்?' என்று கேட்டிருக்கிறாய். சீர்வரிசை தூக்கிக்கொண்டு வரவேண்டிய தாய்மாமன் நான். எனக்கும் இதில் பங்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரவை சீசனில் இங்கே வந்திருக்கிறாய், பார்த்திருப்பாய். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் திருப்பத்தில் வேகம் குறைத்ததும் பையன்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு கழியை உருவுவார்கள். டிரைவர் ஓர் அதட்டல் போடுவார், இறங்க மாட்டார். திண்ணையில் இருக்கும் பெரியவர் "டேய், சக்கரம் பார்த்து" என்பார். திருட்டு என்று சொல்ல மாட்டார். அதே பையன் பெட்டிக்கடையில் ஒரு கடலை மிட்டாயைக் கேட்காமல் எடுத்தால் முதுகில் விழும். பாரி கம்பெனியின் இந்த ஆலை 1842-இல் தொடங்கியது. பையன்கள் எந்த வருஷம் தொடங்கினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. எது திருட்டு, எது விளையாட்டு என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், பெரியவர்கள் எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். நாம் பழக்கங்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் கற்கிறோம். கற்ற பிறகு அவற்றையே நம் சொந்த அபிப்பிராயம் என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் சில்லுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் அங்கே வெவ்வேறு அறிவிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்ற அறிவிப்பு இருந்தபோது திருட்டு குறைவு. 'முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துச் சென்றதால் காடு சிதைகிறது' என்று வருத்தப்பட்டு எழுதியபோது திருட்டு அதிகம். படித்தவர்கள் காதில் விழுந்தது 'பலர் எடுக்கிறார்கள்' என்பது மட்டும். நம் தெருமுனையில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' பலகைக்குக் கீழேதான் குப்பை மலைபோல் கிடக்கிறது. ஜனங்கள் படிப்பது குவியலைத்தான்.

இனி வீட்டு விஷயம். போன வாரம் பாட்டியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "எனக்கென்னடா, உன் தங்கச்சிக்கு ஆசை இருக்கும்" என்றாள். உன் அம்மாவுக்கு போன் போட்டேன். "எனக்கே அந்தக் காலத்துல மேடையில உட்கார வெச்சப்ப அழுகையா வந்துச்சுண்ணா. ஆனா அம்மா மனசு கஷ்டப்படுமே" என்றாள். உன் அப்பாவோ, "உங்க பக்கத்து ஆளுங்கதான் மச்சான் குறை சொல்லுவாங்க" என்கிறார். என்னையும் சேர்த்துக்கொள்: செய்யத் துப்பில்லாத மாமன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. ஆக, யாருக்கும் ஆசை இல்லாத ஒரு விழாவுக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறோம்! நீ தேடும் நாலு பேர் நாங்கள்தான் அம்மா. நாங்கள் ஒவ்வொருவரும் மற்ற மூன்று பேருக்குப் பயந்துகொண்டிருக்கிறோம்.

நம் வீட்டுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை இது. சில வருஷங்களுக்கு முன்னால் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மணமான இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெண்கள் வெளியே வேலைக்குப் போகலாமா என்று தனித்தனியாகக் கேட்டபோது மிகப் பெரும்பாலோர் போகலாம் என்றார்கள். 'உங்களோடு இந்த அறையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்?' என்று கேட்டபோது குறைத்தே மதிப்பிட்டார்கள். சரியான எண்ணிக்கையைச் சொன்ன பிறகு, மனைவிக்கு வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள் கூடினார்கள். அவர்களிடம் யாரும் பெண்ணுரிமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் மனதில் என்ன இருக்கிறது என்று காட்டினார்கள், அவ்வளவுதான்.

நம் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு: மொய். அம்மாவின் பீரோவில் ஒரு நீள நோட்டு இருக்கும், எடுத்துப் பார். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், எவ்வளவு வைத்தோம் என்று வரிசையாக இருக்கும். வைத்தது திரும்பி வர நம் வீட்டிலும் ஒரு விசேஷம் வேண்டும். ஒரு குடும்பம் மட்டும் விழாவை நிறுத்தினால் அதற்கு நஷ்டம். மனசுக்குப் பிடிக்காத வழக்கத்தைக்கூடப் பிடித்து வைத்திருப்பது பல நேரங்களில் இப்படிப்பட்ட கணக்குதான். பெரியவர்களைப் பழமைவாதிகள் என்று திட்டுவதற்கு முன் இந்த நோட்டைப் பார்த்துவிடு.

அப்படியானால் வழக்கம் எப்படி மாறுகிறது? உன் வயதுக்கு மிகவும் பொருத்தமான கதை புதுக்கோட்டையில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அதுவரை பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி, ஜாடைப் பேச்சு. இயக்கம் செய்த கெட்டிக்காரத்தனம், அவர்களைத் தனித்தனியாக ரோட்டில் இறக்கிவிடாததுதான். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்சுகள் என்று கூட்டம் கூட்டமாகப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தைச் சுற்றி வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தனியாகப் போகிறவளைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பார்த்து எவன் சிரிப்பான்? இன்று பள்ளியில் இலவச சைக்கிளை வாங்கும்போது நீ கூச்சப்பட மாட்டாய். உன் பாட்டி காலத்தில் அது நடந்திருக்காது.

இன்னொன்று, உன் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லார் பெயருக்கும் முன்னால் இனிஷியல், பின்னால் ஒன்றும் இல்லை. வட மாநிலத்து அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்கிறார்களே, அவர்கள் பெயரோடு ஒப்பிட்டுப் பார். 1927-இல் பெரியார் தன் பெயரிலிருந்து 'நாயக்கர்' என்ற சாதிப் பட்டத்தை எடுத்தார். 1929-இல் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பலர் பகிரங்கமாகத் தங்கள் பட்டங்களைத் துறந்தார்கள். எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இன்று தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்பவர்தான் கூச்சப்பட வேண்டியிருக்கிறது. மாறாக, வரதட்சணைக்கு எதிராக 1961-லேயே சட்டம் வந்தது, அதன் கதி உனக்கே தெரியும்.

உடனே புல்லரித்துப் போகாதே. பெயரிலிருந்து போன சாதி மணமகள் தேவை விளம்பரத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. நீ இருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்பையே எடுத்துக்கொள். இங்கே சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாகி நெய்வேலியில் குடியிருப்பு எழுந்தபோது, வேலையைப் பொறுத்து வீடு ஒதுக்கியதால் பல சாதிக்காரர்களும் ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடிவந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் அங்கே எந்த வட்டம், எந்த மாதிரி குவார்ட்டர்ஸ் என்று கேட்டால் அப்பாவின் பதவி தெரிந்துவிடுகிறது, இல்லையா? உன் தோழிகள் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பார்.

எல்லா வழக்கத்தையும் உடைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அண்டை அயலார்தான் சமைத்துக்கொண்டு வருவார்கள். எந்த அரசாங்கமும் போடாத உத்தரவு அது. அந்த வழக்கம் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வீட்டுக்குள் எளிமையாகச் செய்து, சீருக்கு வைத்திருக்கும் பணத்தைத் தங்கை பெயரில் போஸ்ட் ஆபீஸில் போடலாம் என்று முதலில் நானே சொல்கிறேன். தாய்மாமன் வாயிலிருந்து வந்தால் மற்றவர்களுக்குப் பேச்சு சுலபமாகும். அதற்குள் உனக்கு ஒரு வேலை. தங்கையைத் தனியாக உட்கார வைத்து, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய், அவள் எழுதவில்லை. பட்டுப்பாவாடையும் போட்டோவும் அவளுக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தால் அதையும் மறைக்காமல் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா